மனத்தடையும் விரல் தட்டலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல ஆலோசனைக்கு வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முகத்திலும் மார்பிலும் விரலால் தட்டிக்கொண்டே மனக்கலக்கத்தைத் தணிக்கும் முறையை நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இந்த வகை முறைகளை ஆற்றல் உளவியல் என்பார்கள். அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் பாதியை நான் நம்புவதில்லை. இரண்டையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். என்னிடம் வந்தவர்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டேன்.

மனத்தடை என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்று தெரியும். செய்ய ஆசையும் இருக்கும், நேரமும் இருக்கும். ஆனால் கை ஓடாது. வங்கியிலிருந்து வந்த கடிதம் மூன்று மாதமாகப் பிரிக்கப்படாமல் டிவி மேல் கிடக்கும். அக்காவுக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடும் சண்டை நான்கு தீபாவளியைத் தாண்டியிருக்கும். சோம்பல் என்று வீட்டில் திட்டுவார்கள். சோம்பேறிக்கு அதை நினைத்தாலே வயிறு கலங்காது; இவருக்குக் கலங்கும். அந்த வித்தியாசத்தைத்தான் தடை என்கிறேன்.

தமிழில் இதற்குப் பாடம் நடத்தவே வேண்டியதில்லை. நெஞ்சை அடைக்கிறது, தொண்டையில் ஏதோ நிற்கிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது, குலை நடுங்குகிறது என்று உணர்ச்சியை உடம்பில் இடம் சுட்டிச் சொல்லியே பழகியவர்கள் நாம். "உங்களுக்கு என்ன செய்கிறது?" என்று நான் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் பதில் சொல்வதற்கு முன்பே கையை நெஞ்சிலோ வயிற்றிலோ வைத்துவிடுகிறார்கள். வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆற்றல் உளவியல் எங்கிருந்து வந்தது? நம் பழைய வைத்தியமா?

இல்லை. இது கலிஃபோர்னியாச் சரக்கு. ரோஜர் காலஹன் என்ற அமெரிக்க உளவியலாளரிடம் தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் பெண் ஒருவர் ஒன்றரை ஆண்டாகச் சிகிச்சை பெற்றுவந்தார். தம் வீட்டு நீச்சல் குளத்தின் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசும் அளவுக்குத்தான் காலஹனால் அவரைக் கொண்டுவர முடிந்திருந்தது. 1980 வாக்கில் ஒரு நாள் அந்தப் பெண், பயம் வயிற்றுக் குழியில் பிசைவதாகச் சொன்னார். சீன மருத்துவக் கணக்குப்படி வயிற்றுக்குரிய நாடி, அதாவது உடம்பில் ஆற்றல் ஓடுவதாகச் சொல்லப்படும் பாதை, கண்ணுக்குக் கீழே தொடங்குகிறது. அந்த இடத்தில் தட்டச் சொன்னார் காலஹன். சில நிமிடங்களில் பயம் போய்விட்டதாகச் சொல்லிவிட்டு அந்தப் பெண் குளத்தை நோக்கி நடந்தாராம். காலஹன் சொன்ன கதை இது; ஒரே ஒருவரின் கதை என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒவ்வொரு தட்டல் வரிசை வகுத்தார். அவரிடம் பயின்ற கேரி கிரெய்க் ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்தவர். எல்லாப் பிரச்சினைக்கும் எல்லாப் புள்ளிகளையும் ஒரே வரிசையில் தட்டிவிட்டுப் போகலாமே என்று 1990களில் சுருக்கினார். அதுதான் இன்று இஎஃப்டி (எமோஷனல் ஃப்ரீடம் டெக்னிக்ஸ், உணர்ச்சி விடுதலை உத்திகள்) என்ற பெயரில் உலகம் சுற்றுகிறது. இந்த வகை முறைகள் அனைத்துக்கும் "ஆற்றல் உளவியல்" என்ற பொதுப் பெயரைப் பரப்பியவர் ஃபிரெட் காலோ.

வரிசை முக்கியம் என்றார் குரு. வேண்டாம் என்றார் சீடர். இரண்டு பேரிடமும் ஆட்கள் குணமானார்கள். இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தால், அது நியாயமான சந்தேகம்.

அப்படியானால் உடம்பில் ஆற்றல் ஓடுகிறது என்பது உண்மையா, பொய்யா?

நாடிப் பாதைகளைப் பிரித்துப் பார்த்துக் காட்டியவர் யாரும் இல்லை. உடற்கூற்றியலில் அவற்றுக்கு இடமில்லை. வெயிட், ஹோல்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். பயம் உள்ள 119 மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு சரியான புள்ளிகளில் தட்டியது. இன்னொன்று சம்பந்தமே இல்லாத இடங்களில் தட்டியது. மூன்றாவது குழு தன் உடம்பையே தொடவில்லை. ஒரு பொம்மையைத் தட்டியது. நான்காவது குழு தட்டவே இல்லை. தட்டிய மூன்று குழுவுக்கும் பயம் குறைந்தது, பொம்மைக் குழுவையும் சேர்த்து. தட்டாதவர்களுக்குக் குறையவில்லை.

பொம்மைக்கு நாடி ஓடுகிறது என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள் என்று நினைக்கிறேன். (துணிந்தவரை நான் ஒரு பயிலரங்கில் சந்தித்திருக்கிறேன். பொம்மையைத் தட்டும்போது விரல் நுனியிலுள்ள நாடிகள் தூண்டப்படுகின்றனவாம்.)

எதிர்ப்பக்கமும் உண்டு. 2012இல் 83 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு மணி நேரத் தட்டலுக்குப் பிறகு மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் சராசரியாக 24 விழுக்காடு குறைந்திருந்தது. பேச்சு மட்டும் நடந்த குழுவைவிட இது அதிகம். ஆய்வை முன்னின்று நடத்தியவர் இஎஃப்டி கற்பிப்பவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலன் இருக்கிறது என்பதற்குச் சான்று வளர்ந்துகொண்டிருக்கிறது. புள்ளிகள்தான் காரணம் என்பதற்கான சான்று அவ்வளவு வலுவாக இல்லை. என் நிலைப்பாடும் அங்கேதான் நிற்கிறது.

பிறகு எப்படித்தான் வேலை செய்கிறது?

பயத்தை நினைத்துக்கொண்டே உடம்பு அமைதியாக இருந்தால் பயம் கரையும் என்பதை மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1950களிலேயே சிகிச்சையாக்கினார். பயந்ததை மனதில் கொண்டுவருவது, அதே நேரத்தில் உடம்புக்கு ஆபத்தில்லை என்று உணர்த்துவது, இந்த இரண்டும் தட்டலிலும் இருக்கின்றன. அழுகிற பிள்ளையின் முதுகில் நம் பாட்டிமார் சீராகத் தட்டுவதில் உள்ள சங்கதியும் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இன்னொன்று: நினைவு என்பது பெட்டியில் பூட்டிய நகை மாதிரி அப்படியே கிடப்பதில்லை. நினைவுகூரும்போது அது சற்று இளகி, மறுபடி இறுகுகிறது என்பதை 2000இல் நியூயார்க்கில் நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் லெடூவின் ஆய்வகத்தில் எலிகளை வைத்துக் காட்டினார்கள். இளகியிருக்கும் நேரத்தில் புது அனுபவம் சேர்ந்தால், திரும்ப இறுகும்போது அதையும் சேர்த்துக்கொண்டு இறுகலாம். தட்டலில் நடப்பது இதுதானா என்பதை யாரும் நிறுவிவிடவில்லை. ஆனால் நாடியைவிட இந்த விளக்கம் என் காதுக்கு ஏற்றதாக இருக்கிறது.

எங்கே தட்ட வேண்டும்? எவ்வளவு அழுத்தமாக?

கதவைத் தட்டுவது போல வேண்டாம். சுட்டு விரலும் நடு விரலும் சேர்த்து, மேசையில் தாளம் போடுகிற அளவு போதும். ஒவ்வோர் இடத்திலும் ஏழெட்டுத் தட்டு. எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதலில் சுண்டு விரலுக்குக் கீழே, உள்ளங்கையின் ஓரச் சதையில் தட்டியபடி என்ன பிரச்சினை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு உச்சந்தலை, புருவம் தொடங்கும் உள்முனை, கண்ணின் வெளிக்கடை எலும்பு, கண்ணுக்கு நேர் கீழே உள்ள எலும்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவே உள்ள பள்ளம், கழுத்துக்குக் கீழே காறை எலும்பை ஒட்டிய இடம், கடைசியாக அக்குளுக்கு நான்கு விரல்கடை கீழே. இது ஒரு சுற்று. இடப்பக்கமா வலப்பக்கமா என்பதெல்லாம் உங்கள் விருப்பம்.

தொடங்கும் முன் கலக்கத்துக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் கொடுங்கள். சுற்று முடிந்ததும் மறுபடி கொடுங்கள். இந்த எண் போடும் பழக்கமும் வோல்ப் தந்ததுதான். அவர் 100 வரை போட்டார்.

என்ன சொல்லிக்கொண்டு தட்டுவது?

ஆங்கிலத்தில் ஒரு வாய்பாடு உண்டு. அதைத் தமிழாக்கி, "எனக்கு இந்தப் பயம் இருந்தபோதிலும் நான் என்னை ஆழமாகவும் முழுமையாகவும் ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லச் சொல்கிறார்கள். நான் ஆரம்பத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "இது யார் பேசுவது?" என்று கேட்டார். சரியான கேள்வி. நம்மில் யாரும் நமக்குள் அப்படிப் பேசிக்கொள்வதில்லை.

அவருக்கே சரிப்பட்ட வாக்கியத்தை அவரே கண்டுபிடித்தார்: "பயமாகத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். நானும் மனுஷிதானே." எண் 8 இருந்தது, மூன்று சுற்றில் 5 ஆனது. அன்றிலிருந்து வாய்பாட்டை விட்டுவிட்டேன். உங்கள் அம்மா உங்களைச் சமாதானப்படுத்தினால் எந்தச் சொல்லில் சொல்வாரோ அந்தச் சொல்லில் சொல்லுங்கள். அம்மா சமாதானப்படுத்தும் ரகம் இல்லையென்றால் பாட்டி, பெரியம்மா, யாராவது ஒருவர் இருப்பார்.

எண் பாதி குறைகிறது, பிறகு அங்கேயே நின்றுவிடுகிறதே?

என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டிய இடம் இது.

என் அப்பா பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டு படுக்கையில் இருந்தார். ஒருநாள் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள், இரவு ஒன்பது மணிக்கு மேல் போன் அடித்தால் எனக்கு அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். எதிர்முனையில் பால்காரராக இருந்தாலும் அப்படித்தான். தட்டக் கற்றபோது முதலில் இதைத்தான் எடுத்துக்கொண்டேன். 9 இருந்தது 4 ஆனது. அங்கேயே உட்கார்ந்துவிட்டது. வாரக்கணக்கில் தட்டினேன். 4, 4, 4.

ஒரு நாள் காறை எலும்பில் தட்டிக்கொண்டிருந்தபோது, அந்த இரவு போனை வைத்ததும் என் வாயிலிருந்து முதலில் வந்த சொல் நினைவுக்கு வந்தது. "அப்பாடா." அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அதுதான்.

நான் பயந்தது போன் மணிக்கு அல்ல. அந்தச் சொல்லைத் திரும்பக் கேட்க நேரும் என்பதற்கு. ஒரு பக்கம் இரண்டு ஆண்டு மலமூத்திரம் அள்ளிக் களைத்துப்போனவனின் நிம்மதி. மறுபக்கம், பெற்ற தகப்பன் செத்ததில் நிம்மதிப்பட்டவனைப் பார்த்துக் கூசுகிற மகன். பயத்தைத் தட்டினால் பயம் பாதி குறையும். இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்க மறுத்துக்கொண்டு நிற்கும் வரை மீதி குறையாது. எண் நடுவழியில் நின்றால் பெரும்பாலும் அடியில் இப்படி ஒரு ஜோடி நிற்கிறது என்பதுதான் என் அனுபவம். பிறகு ஒரு சுற்று நிம்மதியைச் சொல்லித் தட்டினேன், அடுத்த சுற்று கூச்சத்தைச் சொல்லித் தட்டினேன். மாற்றி மாற்றி. எத்தனையாவது சுற்றில் என்று நினைவில்லை, இரண்டும் ஒரே ஆளுக்கு வரக்கூடியவைதான் என்று பட்டது. இப்போது இரவில் போன் வந்தால் எரிச்சல் வருகிறது, அவ்வளவுதான்.

எதிரெதிரானவற்றை இணைப்பது என்ற எண்ணம் யாருடையது?

உளவியலில் இதை மையத்துக்குக் கொண்டுவந்தவர் சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங். ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு வாழ்பவரை மறுமுனை ஒரு நாள் வந்து கவிழ்க்கும் என்றார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவசரப்படாமல் இரண்டின் இழுவிசையையும் தாங்கிக்கொண்டிருந்தால், இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று தோன்றும் என்று 1916இலேயே எழுதினார். இந்தியச் சிந்தனையில் வரும் இருமை கடந்த நிலை பற்றி நிறைய வாசித்தவர். 1937 கடைசியில் இந்தியாவுக்கு வந்து சுற்றினார். ஆனால் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைப் பார்க்கவில்லை. பிற்காலத்தில் அதைப் பற்றி அவரே எழுத நேர்ந்தது. ஈர்ப்பும் விலக்கமும் சேர்ந்தே இருந்திருக்கின்றன, அவருக்குள்ளும்!

உளவியல் சிகிச்சையாளர் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் இதை நாற்காலிக்குக் கொண்டுவந்தார். உனக்குள் அதட்டுபவன் ஒரு நாற்காலியில், நழுவுபவன் எதிர் நாற்காலியில். இடம் மாறி மாறி உட்கார்ந்து பேசு என்றார். தட்டலையும் இருமுனையையும் ஒன்றாகக் கோத்தவர் செர்பியாவின் பெல்கிரேடைச் சேர்ந்த ஷிவோராட் ஸ்லாவின்ஸ்கி. அவருடைய முறைக்குப் பெயர் பீட். கண்ணைச் சுற்றியுள்ள சில புள்ளிகளில் விரல் வைத்து, மனதில் எழும் படம், உணர்ச்சி, உடல் உணர்வு, எண்ணம் ஆகியவற்றைச் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் இரண்டு எதிர் நிலைகள் மட்டும் மிஞ்சி, ஒன்றில் ஒன்று கரையும் என்கிறார். ஒவ்வொருவரும் வாழ்நாள் முழுவதும் ஒரே ஜோடிக்கு நடுவே ஊசலாடுகிறோம் என்பது அவர் கருத்து. இவ்வளவு உறுதியாக நான் சொல்ல மாட்டேன். மாற்றி மாற்றித் தொடும் உத்தி நல்ல உத்தி. அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் எப்படிச் செய்து பார்ப்பது?

துபாயில் வேலை பார்த்து விடுமுறைக்கு வந்த ஒருவர், திரும்பிப் போகும் டிக்கெட்டை மூன்று முறை தள்ளிப்போட்டுவிட்டு வந்தார். போகவும் முடியவில்லை, வேலையை விடவும் முடியவில்லை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டேன். "போக வேண்டும்" நாற்காலியில் உட்கார்ந்து அவர் தட்டியபோது முதலில் வந்தவை கடன், தங்கை கல்யாணம், பாதி கட்டிய மாடி. "போகக் கூடாது" நாற்காலியில் மகளின் மழலை, அறையில் எட்டுப் பேரின் குறட்டை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு சுற்று, எழுந்து மாறி அடுத்த சுற்று. நாலாவது மாற்றத்தில் கணக்கு தீர்ந்துபோய் வேறு குரல் வந்தது. போகச் சொன்னவர், "ஊரில் இருந்தால் நான் அப்பா மாதிரி ஒன்றுமில்லாமல் ஆகிவிடுவேன்" என்றார். இருக்கச் சொன்னவர் எதிர் நாற்காலியைப் பார்த்து, "அப்பா வீட்டில் இருந்தாரே" என்றார்.

பிறகு வெகு நேரம் பேசவில்லை. கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

செய்முறை இவ்வளவுதான். இரண்டு இடம் வேண்டும். நாற்காலி இல்லையென்றால் பாயின் இரண்டு ஓரம். ஒவ்வோர் இடத்திலும் அந்தப் பக்கத்துக்காக மட்டும் பேசுங்கள், அரைகுறையாக மறுபக்கத்துக்கும் நியாயம் சொல்லாதீர்கள். இடம் மாறும்போது உண்மையிலேயே எழுந்து மாறுங்கள். முதல் சில சுற்றுகளில் வருவது ஊருக்குச் சொல்லும் காரணம். அதற்குக் கீழே என்ன வருகிறது என்று காத்திருங்கள். முடிவு எடுத்தே தீர வேண்டும் என்று உட்காராதீர்கள். அவர் அடுத்த மாதம் கிளம்பிப் போனார், ஒன்றரை ஆண்டு ஒப்பந்தம் என்று நாள் குறித்துக்கொண்டு. போனாரா இருந்தாரா என்பதைவிட, டிக்கெட்டை நாலாவது முறை தள்ளிப்போடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஒரு முனை கெட்டதாக இருந்தால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

கொல்ல வேண்டும் போன்ற கோபம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது வேறு, அரிவாளை எடுப்பது வேறு. நாற்காலி பேசத்தான்.

இதுவும் வர்மமும் ஒன்றா?

இல்லை. சித்த மருத்துவ வர்ம மரபு 108 வர்மங்களைச் சொல்கிறது: 12 படுவர்மம், 96 தொடுவர்மம். குமரி மாவட்டத்து ஆசான்கள் தலைமுறையாகக் கற்றுக் கையாளும் துறை அது. அடிபட்டால் ஆளைச் சாய்க்கக்கூடிய இடங்களைப் பற்றிய அறிவும் அதில் சேர்த்தி. புருவமத்தி போன்ற சில இடங்கள் அருகருகே வருவதால் இரண்டும் ஒன்று என்று சொல்லி விற்கிறார்கள். கலிஃபோர்னியாவில் பிறந்த பிள்ளைக்குத் தக்கலையில் பிறப்புச் சான்றிதழ் வாங்குகிற வேலை இது.

யார் தானாகச் செய்யக் கூடாது?

நெஞ்சடைப்புக்குத் தட்டும் முன் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பதற்றம் என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாத வலி உண்டு.

மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தட்டலை நம்பி அதை நிறுத்தக் கூடாது. காதில் குரல் கேட்கிறவர்களும், பாலியல் வன்முறை, போர், விபத்து போன்றவற்றின் நினைவுகள் திடீரென்று வந்து மூழ்கடிக்கிறவர்களும் தனியாகச் செய்ய வேண்டாம். பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். உயிரை விடும் எண்ணம் வந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற எண்ணை அழையுங்கள்.

அடிக்கிற கணவனைச் சகித்துக்கொள்ள இதைக் கற்றுத்தரும்படி கேட்டு வந்தவர்கள் உண்டு. கற்றுத்தருவதில்லை. அங்கே பயம் தடை அல்ல. சரியாக வேலை செய்கிற காவல் நாய். அவர்களிடம் நான் கொடுப்பது இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண்ணான 181.

ஒரே நாளில் 30 ஆண்டுக் காயம் தீரும் என்கிறார்களே, கட்டணம் கட்டலாமா?

காலஹன் தம் முறையின் உயர்நிலைப் பயிற்சி ஒன்றை, தொலைபேசியில் குரலைக் கேட்டே தட்டல் வரிசையைச் சொல்லும் வித்தையை, 1,00,000 டாலருக்கு விற்றார். அடியில் என்ன இருக்கிறது என்பது ரகசியம் என்றார். அமெரிக்க உளவியல் சங்கம் 1999இல் அந்த முறைக்கான வகுப்புகளைத் தொடர்கல்வியாக ஏற்க மறுத்தது. கிரெய்க் இஎஃப்டிக்கான கையேட்டை இலவசமாகக் கொடுத்தார். எது பரவியது என்று பார்த்தீர்கள்.

தட்டக் கற்பதற்குப் பணம் தேவையில்லை, மேலே எழுதிவிட்டேன். பணம் கொடுத்தால், கூட உட்கார்ந்து கேட்கத் தெரிந்த ஆளுக்குக் கொடுங்கள்.

குழந்தைகளுக்குச் சொல்லித் தரலாமா?

தாராளமாக. ஆனால் முகத்தில் தட்டச் சொன்னால் சில பிள்ளைகள் கூசும். நான் அவர்களிடம் ஒரு கரடிப் பொம்மையைக் கொடுத்துவிடுவேன். அதற்குத் தட்டலாம் என்பதற்குத்தான் 119 மாணவர்களின் சாட்சி இருக்கிறதே. இரண்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி கணக்குப் பரீட்சைப் பயத்தோடு வந்தாள். கரடிக்கு எண் 10 போட்டாள். உச்சந்தலையில் தொடங்கி அக்குள் வரை சிரத்தையாகத் தட்டினாள். இரண்டு சுற்று முடிந்ததும் எண் கேட்டேன்.

"கரடிக்கு 2" என்றாள். "எனக்கு 6. அதற்கு வாய்பாடு படிக்க வேண்டியதில்லை பாருங்கள்."